ஆயிரத்தில் ஓர் எண்

வானொலியில் எங்களுக்குப் பெரிய பயம் ஒன்றுதான்: மௌனம். ஒலிபரப்பில் மூன்று விநாடி அமைதி விழுந்தால் போதும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முறைப்பார். பேசியே பிழைப்பவன் நான். அப்படிப்பட்ட எனக்குப் பிடித்துப்போன பொழுதுபோக்கு, வாயை மூடிக்கொண்டு பூட்டுத் திறப்பது. அதுவும் சாவி இல்லாமல்.

"ஏன் தம்பி, வானொலியில சம்பளம் கட்டலையா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டுவிட்டார். அவருக்குச் சொன்ன கதையையே உங்களுக்கும் சொல்கிறேன்.

கொடுக்கப்படாத சாவி

அப்பா தவறிய பிறகு அவருடைய அலமாரியின் மேல் ஒரு பயணப்பெட்டி இருந்தது. அதில் கட்டைவிரல் அளவே உள்ள ஒரு பூட்டு. மூன்று எண் சக்கரங்கள், அடியில் ஒரு சாவித்துளை. அவர் பிறந்தநாள், திருமண நாள், வீட்டு எண் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். திறக்கவில்லை. அழுது ஓய்ந்த வீட்டில் அதற்குமேல் யாரும் கணக்குப் போடவில்லை. சாவியைத்தான் வீடு முழுக்கத் தேடினோம்.

கடைத்தெருவில் சாவி செய்பவர் பார்த்தவுடனே, "வெட்டிடலாம், அஞ்சு வெள்ளி" என்றார். அம்மா மட்டும் சம்மதிக்கவில்லை. "அப்பா பூட்டுனது. வெட்ட வேண்டாம்ப்பா."

பூட்டில் சின்னதாக ஒரு சிவப்பு வைரக் குறி இருந்தது. அது என்னவென்று தேடிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தச் சாவி தொலையவே இல்லை. எங்களுக்குக் கொடுக்கப்படவே இல்லை! அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்பு அதிகாரிகள் பெட்டியைச் சோதிக்க வசதியாகச் செய்யப்படும் பூட்டு அது. எண் நமக்கு, பொதுச் சாவி அவர்களுக்கு. அந்தப் பொதுச் சாவிகளின் படம் 2014இல் ஓர் அமெரிக்க நாளிதழில் வெளிவந்துவிட்டது. 2015இல் அந்தப் படத்தை வைத்தே முப்பரிமாண அச்சில் சாவி செய்து காட்டினார்கள். நாம் நம்பி மாட்டும் பூட்டின் கதை இவ்வளவுதான்.

விரல் கேட்கும் ஓசை

சாவி இல்லாவிட்டால் என்ன, கற்றுக்கொள்வோம் என்று இறங்கினேன். உள்ளே இருப்பது தெரியும்படி கண்ணாடிபோல் செய்த பயிற்சிப் பூட்டு ஒன்றும் சில கம்பிகளும் வாங்கினேன்.

பூட்டின் உள்ளே ஓர் உருளை இருக்கிறது. அது சுழலாமல் சின்னச் சின்ன ஊசிகள் குறுக்கே நிற்கின்றன. சரியான சாவி எல்லா ஊசிகளையும் சரியான உயரத்துக்குத் தூக்கும், உருளை சுழலும். 1861இல் லைனஸ் யேல் ஜூனியர் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. நம் வீட்டுக் கதவுகளில் இன்றும் இருப்பது இதன் வாரிசுதான். மலிவான சிறு பூட்டுகளில் ஊசிகளுக்குப் பதில் மெல்லிய தகடுகள் இருக்கும்.

மனிதன் செய்த எதுவும் துல்லியமில்லை. அதனால் ஒரு வளைகம்பியால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால், எல்லா ஊசிகளும் ஒரே நேரத்தில் இறுகுவதில்லை. ஏதோ ஒன்று முதலில் இறுகும். அதைத் தேடி மெதுவாகத் தூக்கினால் ஒரு 'டிக்'. பிறகு அடுத்தது. காதைவிட விரலுக்குத்தான் அது நன்றாகக் கேட்கும். கொஞ்சம் அவசரப்பட்டு அழுத்தினால் எல்லாம் விழுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. முதல் வாரம் ஒன்றும் திறக்கவில்லை. நான் அமைதியாக இருக்கக் கற்றுக்கொண்டதுதான் மிச்சம்.

இது புதிய பித்தும் இல்லை. 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியின்போது ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், திறக்கவே முடியாதென்று பெயரெடுத்திருந்த சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். 200 கினி பரிசுடன் சவாலாக வைக்கப்பட்டிருந்த பிராமா பூட்டுக்கு 50 மணி நேரத்துக்கும் மேல் செலவழித்தார். அவர் திருடவில்லை, பூட்டின் பலவீனத்தை ஊருக்குக் காட்டினார்.

இரண்டு விதிகள்

உலகெங்கும் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் இரண்டு விதிகளை மீறுவதில்லை. உங்களுடையது அல்லாத பூட்டை, உரியவர் அனுமதியின்றித் தொடாதீர்கள். அன்றாடம் நீங்கள் நம்பியிருக்கும் பூட்டையும் தொடாதீர்கள். கெட்டுப்போனால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். என்னிடமிருந்து மூன்றாவது ஒன்று: கம்பிகளை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். இரவில் பையில் அவற்றுடன் திரிபவரிடம் போலீஸ் கேள்வி கேட்கத்தான் செய்யும்.

அம்மாவின் கணக்கு

மூன்றாவது வாரம், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அப்பாவின் பூட்டு திறந்தது. பயிற்சிப் பூட்டைவிட எளிது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே பணமோ பத்திரமோ இல்லை. துவைத்து மடித்த இரண்டு வேட்டிகள், ஒரு துண்டு, பிரிக்காத சவர்க்காரம், பழனித் திருநீற்றுப் பொட்டலம். அடுத்த பயணத்துக்கு எடுத்துவைத்திருக்கிறார்.

அம்மா வெகுநேரம் வேட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "நம்பர் என்னப்பா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. சாவித்துளை வழியாகத் திறந்தால் எண் தெரியாது. "ஆயிரம் நம்பர்தானம்மா இருக்கு. ஒண்ணு ஒண்ணாப் பார்ப்போமா?" என்றேன். பூட்டை மறுபடி அழுத்தி மூடி, 000இலிருந்து தொடங்கினோம். அம்மா எண்ணைச் சொல்ல, நான் திருப்பி இழுத்தேன். ஓர் எண்ணுக்கு இரண்டு விநாடி. கால் மணி நேரத்தில் 417இல் திறந்தது.

அது என்ன எண் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. வண்டி எண்ணா, பழைய முகவரியா, கடையில் சும்மா வைத்ததா? அம்மா அவ்வப்போது புதிதாக ஒரு காரணம் சொல்வார். இருவரும் கொஞ்சநேரம் அப்பாவைப் பற்றிப் பேசுவோம்.

இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்று கேளுங்கள்: பெட்டியின் எண் என்ன? அதை ஏன் வைத்தீர்கள்? இரண்டாவது கேள்விக்கு எந்தக் கம்பியும் உதவாது.