தாயிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி

ஆட்டிசம் உள்ள குழந்தையைச் சேர்க்க வரும் தாய், "பேசமாட்டான், ஆனா எல்லாம் புரியும், டீச்சர்" என்பார். இதைப் பாசத்தில் சொல்லும் பேச்சு என ஒதுக்கிவிடக் கூடாது. பேச்சு வராத குழந்தைகள் பலர் கையைப் பிடித்து இழுத்தும், பொருளை எடுத்து வந்தும் தம் தேவையைச் சொல்கின்றனர். அந்த மொழியை உடனிருந்து கற்றவர் தாய்.

எனவே, "என்ன வராது?" என்பதற்கு முன், "எது பிடிக்கும்? எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான்? அழுதால் எப்படித் தேற்றுவீர்கள்?" என்று கேட்டுக் குறித்துவைப்போம். வீட்டில் மிக்சி சத்தத்துக்குக் காதைப் பொத்தும் குழந்தை, பள்ளி மணிக்கும் பொத்தக்கூடும். மணியடிக்கும் முன்பே சொல்லிவிட்டால் பதற்றம் குறையலாம். குறிப்பை வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநரிடமும் பகிரலாம்.

40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு, 6 முதல் 18 வயது வரை கட்டணமில்லாக் கல்வி 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் தரும் உரிமை. "நாளையும் அனுப்பலாம்" என்ற நம்பிக்கையைத் தாய்க்குத் தர வேண்டியவர்கள் நாம்.