வழுவைத் தெரிவிக்கும் முறை

திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு ஆகியவற்றில் முறை பிறழ வருவதை வழு என்பர் இலக்கண நூலார். கணினித்தமிழ் அச்சொல்லையே மென்பொருளின் பிழைக்கும் பெயராக ஏற்றது. காரணம்பற்றி வழுவை ஏற்றுக்கொள்ளும் வழுவமைதியும் அங்கு இல்லாமலில்லை. ‘திட்டமிட்டே அவ்வாறு அமைத்தோம்’ என நிரலாளர் சில வேளைகளில் கூறும் விடை அத்தகையது. எனினும் பெரும்பாலான வழுக்கள் திருத்தப்பட வேண்டியவை. திருத்தம் தொடங்குவது, வழுவைக் கண்டவர் எழுதும் அறிக்கையிலிருந்துதான்.

மென்பொருளை உருவாக்கியவர் தொலைவில் இருப்பவர். தமிழ் அறியாதவராகவும் இருக்கலாம். பயன்படுத்துவோரின் திரையில் நிகழ்ந்ததை அவர் கண்டதில்லை. பெரியாற்றுப் பாசனத்தின் கடைமடையான மேலூர்ப் பகுதியிலிருந்து ‘தண்ணீர் வரவில்லை’ என்று மட்டும் ஒரு முறையீடு சென்றால், எந்தக் கால்வாயில், எந்த மடையில், எந்நாள் முதல் என்பவை விளங்கா. ‘தேடல் வேலை செய்யவில்லை’ என்னும் ஒற்றை வரியும் அத்தகையதே.

தமிழுக்கே உரிய ஒரு வழுவைக் கொண்டு இதனை விளக்கலாம். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் தலைமையில் மதுரைத் திட்டம் தொடங்கப்பட்டது. சங்கம் வளர்த்த நகரின் பெயர் தாங்கிய இத்திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இணையத்தில் வழங்கினர். இன்று மின்னூல்கள் பெருகியுள்ளன. அவற்றுள் வேண்டியதைக் கண்டடையத் தேடலே வழி. தேடலில் அகப்படாத சொல், நூலில் இருந்தும் இல்லாததைப் போன்றதே.

‘ஔ’ என்பது ஓர் உயிரெழுத்து. ஒருங்குறியில் அதற்குத் தனி எண் உண்டு. அதனை ‘ஒ’, ‘ள’ என இரண்டு எழுத்துகளாகத் தட்டச்சு செய்வோரும் உளர். பல எழுத்துருக்களில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். கணினியோ வடிவத்தைப் பார்ப்பதில்லை, எண்களையே ஒப்பிடுகிறது. மதுரை மாணவி ஒருவர், மின்னூல் செயலி ஒன்றில் இதனால் இடர்ப்பட்டுப் பின்வருமாறு எழுதுவதாகக் கொள்வோம்:

“செயலியின் பதிப்பு 4.2, ஆண்ட்ராய்டு 13. ஆத்திசூடி நூலைத் திறந்து, தேடல் பெட்டியில் ‘ஔவையார்’ எனத் தட்டச்சு செய்தால் ‘முடிவு இல்லை’ என வருகிறது. முதற்பக்கத்தில் அப்பெயர் உள்ளது. எனவே அது கிடைத்திருக்க வேண்டும். அப்பக்கத்திலுள்ள பெயரை நகலெடுத்து ஒட்டித் தேடினால் கிடைக்கிறது. மூன்று முறையும் இவ்வாறே நிகழ்ந்தது.”

இதனைப் பெறும் நிரலாளர், தமிழ் அறியாதவராயினும், அதே செயல்களைச் செய்து அதே வழுவைக் காண இயலும். எதிர்பார்த்ததும் நிகழ்ந்ததும் தனித்தனியே உள்ளன. நகலெடுத்துத் தேடிய செய்தியே இதன் உயிர்நாடி. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு சொற்கள் கணினிக்கு வெவ்வேறு என்பதை அது காட்டிவிடுகிறது. பிழை செயலியிலா, நூலைத் தட்டச்சு செய்தவரிடமா என மாணவி தீர்ப்புக் கூறவில்லை. ஊகத்தைச் சேர்ப்பதில் தவறில்லை. அது ஊகம் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

திரைப்பிடிப்பு இணைத்தால் போதும் எனப் பலர் கருதுவர். இவ்வழுவில் படம் உதவாது. பிழையை மறைப்பதே அதன் தோற்றந்தான். ஆகவே எழுத்துகளை எழுத்துகளாகவே அனுப்ப வேண்டும். 2018 பிப்ரவரியில், தெலுங்கு எழுத்துக்கோவை ஒன்று திரையில் தோன்றியதும் ஐஃபோன் செயலிகள் முடங்கின. எந்த எழுத்துக்கோவை என்பது துல்லியமாகத் தெரிந்திருந்தமையால், எவரும் அவ்வழுவை மீண்டும் நிகழ்த்திக் காண முடிந்தது. அம்மாதமே ஆப்பிள் நிறுவனம் 11.2.6 என்னும் பதிப்பில் அதனைத் திருத்தி வெளியிட்டது.

ஓர் அறிக்கையில் ஒரு வழுவே இடம்பெறுதல் நன்று. அதே வழுவை முன்னரே எவரேனும் தெரிவித்துள்ளனரா எனவும் பார்த்துக்கொள்ளலாம். படம் அனுப்ப நேர்ந்தால் தொலைபேசி எண், கடவுச்சொல் போன்றவற்றை மறைத்துவிட வேண்டும்.

அறிக்கை அனுப்பியதும் பணி முடிவதில்லை. நிரலாளரிடமிருந்து வினாக்கள் வரக்கூடும். திருத்திய பதிப்பு வந்ததும் மாணவி அதே செயல்களை மீண்டும் செய்து பார்க்க வேண்டும். ‘கௌ’ என்பதைக் ‘கெ’, ‘ள’ எனப் பிரித்துத் தட்டச்சு செய்யும் வழக்கமும் உண்டு. எனவே கௌரவம், மௌனம், வௌவால் ஆகிய சொற்களையும் தேடிப் பார்த்து, கண்ட முடிவைப் பழைய அறிக்கையின் கீழேயே எழுதலாம்.