நரம்பின் கணுக்கள்



சைக்கிளில் செல்கையில் குழந்தையொன்று குறுக்கே ஓடி வந்தால், நம் கால் உடனே தரையில் ஊன்றிக்கொள்கிறது. தண்டுவடத்திலிருந்து அக்காலுக்கு ஆணை சுமந்து வரும் நரம்பிழையின் நீளம் ஏறக்குறைய 1 மீட்டர். ஆணையின் வேகம் வினாடிக்குச் சுமார் 50 மீட்டர். உறையில்லாத மெல்லிய இழைகளிலோ செய்தி வினாடிக்கு 1 மீட்டர் அளவிலேயே ஊர்கிறது. இவ்வேற்றுமைக்குக் காரணம் என்ன? அதனையே இன்று விளக்க விரும்புகிறேன்.

நரம்புச் செய்தி ஒரு மின் அலை. சோடியம் அயனிகள் சவ்வின் வழியே உள்ளே பாய்வதால் அது எழுகிறது என்பதை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் ஆங்கில அறிஞர் இருவர், ஊசிக்கணவாயின் பருத்த நரம்பிழையில் ஆராய்ந்து 1952இல் விளக்கினர். அயனிகள் நுழையும் வாயில்கள் புரதத்தாலானவை என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இவ்வாயில்கள் எங்கும் சீராகப் பரவியிருப்பதாக எண்ணிவிடாதீர்கள். விரைவாகச் செய்தி கடத்தும் இழைகளை மயலின் என்னும் கொழுப்புறை போர்த்தியிருக்கிறது. கரும்பின் கணுக்களைப்போல, ஏறக்குறைய 1 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, அவ்வுறையில் இடைவெளிகள் உண்டு. அவையே ரான்வியர் கணுக்கள். ஒரு கணுவின் நீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே. சோடியம் வாயில்கள் அங்கேதான் ஆயிரக்கணக்கில் நெருங்கி நிற்கின்றன. ஆகவே அலை ஊராமல் கணுவுக்குக் கணு தாவுகிறது.

எண்ணெய்ப் படலம் போன்ற சவ்வில் அவை மிதந்து சிதறாதது எவ்வாறு? அன்கிரின் என்னும் புரதம் அவற்றைச் சவ்வின் அடியிலுள்ள ஸ்பெக்ட்ரின் வலையோடு பிணிக்கிறது. நங்கூரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் பெயருக்கு மூலம். எலிகளின் சிறுமூளையில் அன்கிரின் வகையொன்றை நீக்கிப் பார்த்தபோது, இழை தொடங்கும் இடத்தில் சோடியம் வாயில்கள் திரளவில்லை என்று 1998இல் கண்டனர். கணுவுக்கு உரிய இடத்தை வரையறுப்பதில் உறையை உண்டாக்கும் அண்டை உயிரணுக்களுக்கும் பங்குண்டு. உறையின் விளிம்பு இருபுறமும் வேலியாகிப் பொட்டாசியம் வாயில்களை அப்பால் நிறுத்துகிறது.

இந்த ஒழுங்கு குலைந்தால் விளைவதென்ன? மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயில், உடலைக் காக்கவேண்டிய அணுக்களே மூளையிலும் தண்டுவடத்திலும் மயலினைத் தாக்குகின்றன. வேலி அழிகிறது, வாயில்கள் சிதறுகின்றன, செய்தி தயங்குகிறது, சிலபோது நின்றும் விடுகிறது. பார்வை மங்கலாம், கால் தளரலாம்.

எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. விலங்குகளில் உறை மீண்டும் படர்ந்தபோது, வாயில்கள் மீண்டும் கணுக்களில் திரண்டதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். வாயில் இருந்தால் மட்டும் போதாது. இருக்கவேண்டிய இடத்தில் இருத்தல் வேண்டும்.