விமானம் எத்தனை மணிக்கு வரும்? கணக்குப் போடலாம் வாங்க!

எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. பக்கத்தில் இருப்பது ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம். வெளிநாடு என்றால் பெங்களூருதான் வசதி. 2008ல் தேவனஹள்ளியில் திறக்கப்பட்ட அந்த விமான நிலையத்திற்கு தர்மபுரியிலிருந்து ஏறத்தாழ 160 கி.மீ.

துபாயில் வேலை பார்க்கும் என் தம்பி, அப்பாவின் ஆபரேஷனுக்காகப் புறப்பட்டான். "ராத்திரி 10 மணிக்கு ஃபிளைட், 4 மணி நேரப் பயணம்" என்றான். நானும் 10 உடன் 4ஐக் கூட்டி, "2 மணிக்கு பெங்களூரு, 6 மணிக்கு இங்கே இருப்பான்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஆபரேஷன் காலை 7 மணிக்கு. அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். 7 மணிக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். தம்பி ஓடி வந்தபோது மணி ஏழரை!

தவறு விமானத்தின் மீது இல்லை, என் கணக்கில்தான். துபாய் நேரம் நம் நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே இரவு 10 என்றால் இங்கே 11.30. அதனுடன் 4 மணி நேரம் கூட்டினால் அதிகாலை 3.30.

இந்தத் தவறை நீங்கள் செய்யாமலிருக்க, கம்ப்யூட்டரில் இப்படிப் பாருங்கள். கூகுள் மேப்ஸ் திறந்து, பெங்களூரு விமான நிலையத்தின் மீது மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்திடுங்கள். கிடைக்கும் மெனுவில் 'மெஷர் டிஸ்டன்ஸ்' தேர்ந்தெடுத்து, பின் துபாய் விமான நிலையத்தில் கிளிக் செய்திடுங்கள். சுமார் 2,695 கி.மீ. என்று காட்டும். கோடு வளைந்திருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். உருண்டையான பூமியின் மிகக் குறுகிய பாதை, தட்டையான மேப்பில் அப்படித்தான் தெரியும்.

இந்தத் தூரத்தை 800ஆல் வகுத்து, ஏறி இறங்குவதற்காக அரை மணி நேரம் சேர்த்தால் ஏறத்தாழ 4 மணி நேரம் வரும். காற்றின் போக்கைப் பொறுத்து இது சற்றுக் கூடும், குறையும். சேலம் - சென்னை நேர்த்தூரம் ஏறத்தாழ 266 கி.மீ.தான். இதுபோன்ற குறுகிய தூரத்திற்கு வேகம் குறைந்த சிறிய விமானங்களும் பறப்பதால், இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

முக்கியமான ஒன்று: டிக்கெட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்களே. பெங்களூருவில் காலை 10க்குக் கிளம்பி துபாயில் 12.30க்கு இறங்கினால், பயணம் இரண்டரை மணி நேரம் அல்ல. 4 மணி நேரம். இறங்கும் தேதியையும் பாருங்கள். இரவு விமானம் என்றால் மறுநாள் ஆகிவிடும். இமிக்ரேஷன், பெட்டி எடுக்க 1 மணி நேரம், சாலைப் பயணம் 3 மணி நேரம் என்பதையும் சேருங்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் அப்பா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "கம்ப்யூட்டர் வாங்கினியே, இதைப் பார்த்துச் சொல்லக் கூடாதா?" என்றார். இப்போதெல்லாம் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.