மறதி நோயும் இரவு விழிப்பும்

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் சுமார் 88 லட்சம் பேர், அதாவது 7.4 சதவீதத்தினர், டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்க்கு உள்ளாகியிருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் மனைவியோ, மகளோ, மருமகளோதான் இவர்களை வீட்டில் பேணுகின்றனர்.

நோயாளி நள்ளிரவில் எழுந்து கதவைத் திறக்க முயல்வது பிடிவாதமன்று. பகலொளியைக் கொண்டு உறக்க நேரத்தை நெறிப்படுத்தும் மூளைப் பகுதி சிதைவுறுவதும் அதற்கு ஒரு காரணமாகும். ஆகவே இரவுக்கான சிகிச்சை காலையிலேயே தொடங்குகிறது: வெயிலில் சிறு நடை, குறைந்த பகலுறக்கம், மாலையில் காப்பியைத் தவிர்த்தல். வலியோ சிறுநீர்த் தொல்லையோ எழுப்புகிறதா எனவும் ஆராய்தல் வேண்டும். தூக்க மாத்திரை எளிய வழியாகத் தோன்றினும், குழப்பத்தையும் தடுமாறி விழுதலையும் மிகுவிக்கக்கூடும்.

பேணுபவரின் உறக்கமோ நோயாளியின் மருந்துச் சீட்டில் இடம்பெறுவதில்லை. நோயாளியின் இரவைப் பற்றி வினவும் மருத்துவர், உடன் வந்தவர் எத்தனை மணி நேரம் உறங்கினார் என்பதையும் கேட்டறிதல் நலம்.