அண்ணாமலைச் சாரலில் ஒரு மரக்கன்று

கார்த்திகைத் தீபத்தன்று மாலையில் திருவண்ணாமலையில் கூடும் லட்சோபலட்சம் ஜனங்களின் கண்கள் யாவும் ஒரே இடத்தைத்தான் நோக்கியிருக்கும். ஏறக்குறைய 2,670 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் ஜோதி தோன்றியதும் "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்னும் கோஷம் வானைப் பிளக்கும். அச்சமயத்தில் யாராவது பார்வையைச் சற்றே கீழிறக்கி, "இந்த மலையின்மேல் எவ்வளவு மண் மிஞ்சியிருக்கிறது?" என்று கேட்டால் அவரைப் பித்தர் என்றுதான் சொல்லுவோம். ஆனால் 2024-ஆம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி மலையே அந்தக் கேள்வியை ஊராரிடம் கேட்டுவிட்டது.

ஃபெஞ்சல் புயல் கொட்டிய பெருமழையில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து, அடிவாரத்திலுள்ள வ. உ. சி. நகர் வீடுகளின்மேல் விழுந்தன. ஏழு உயிர்கள் மாண்டன. அவர்களில் ஐவர் குழந்தைகள். அவ்வருஷத் தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதி கிடைக்கவில்லை.

மலையில் மரங்கள் நிறைந்திருந்தால் இந்த விபத்து நேர்ந்திராது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அவ்வளவு மழை பெய்யும்போது பெரும் பாறையை எந்த வேரால் தாங்க முடியும்? செங்குத்தான சரிவில் குடியிருப்புகள் எழும்பியிருப்பதையும் மறந்துவிடலாகாது. ஆயினும் மேல்மண்ணைப் பிடித்து நிறுத்துவது வேர்தான். மழை ஜலத்தின் வேகத்தைத் தணித்துப் பூமிக்குள் இறக்குவதும் வேர்தான். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

கணக்குப் பார்ப்போம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குலம் மழை பெய்தால் விழும் ஜலம் சுமார் 1,00,000 லிட்டர். மொட்டைப் பாறையில் விழுந்தால் அதில் பெரும் பகுதி சில நாழிகைக்குள் ஓடிப்போய்விடும். போகிறபோது மண்ணையும் வாரிக்கொண்டு போகும். மண்ணிழந்த இடத்தில் அடுத்த மழை இன்னும் விரைவாக ஓடும். விறகுக்காக வெட்டியும், ஆடு மாடுகளை மேய விட்டும், கோடைதோறும் தீக்கு இரையாக்கியும் அண்ணாமலையை நாம் கொண்டுவந்து விட்ட நிலை இதுதான்.

இதை மாற்ற முடியுமா? முடியும் என்பதற்கு மலையிலேயே அத்தாட்சி இருக்கிறது. ஸ்ரீ ரமண மகரிஷி 1916 முதல் 1922 வரை வாசம் செய்த ஸ்கந்தாசிரமத்தைப் பார்த்தவர்கள் அங்குள்ள குளிர்ச்சியை மறந்திருக்க மாட்டார்கள். கந்தஸ்வாமி என்ற அன்பர் கள்ளியும் பாறையுமாகக் கிடந்த சரிவைத் திருத்திச் சமன்படுத்தித் தென்னை முதலியவற்றை நட்டார். அவர் பெயரே அந்த இடத்திற்கு நிலைத்துவிட்டது. பின்னர், 1980-களின் இறுதியில் அண்ணாமலை மரம் வளர்ப்புச் சங்கம் தோன்றியது. இந்த நூற்றாண்டில் 'ஃபாரஸ்ட் வே' என்னும் அறநிலையம் நாற்றங்கால் அமைத்து, இம்மண்ணுக்குரிய மரங்களையே தேடி வளர்த்து நட்டு வருகிறது.

கன்று நடுவது யாராலும் ஆகிற காரியம்; பிழைக்க வைப்பதுதான் வித்தை. ஒன்றரை அடி ஆழத்துக்கு முன்னதாகவே குழி தோண்டி, மேல்மண்ணை ஒருபுறமும் அடிமண்ணை மறுபுறமும் ஒதுக்க வேண்டும். நடும்போது மேல்மண்தான் வேரருகே போக வேண்டும். மக்கும் சருகும் உயிரும் அதில்தான் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் தறுவாயில் நட்டால், கோடை வருவதற்குள் வேர் கீழே இறங்க இரண்டு மூன்று மாதம் அவகாசம் கிடைக்கும். சரிவில் நடும்போது கன்றுக்குக் கீழ்ப்புறம் பிறை வடிவமாகக் கல்லாலும் மண்ணாலும் சிறு வரப்பு போட வேண்டும். மேலிருந்து ஓடி வரும் ஜலம் அங்கே சற்று நின்று இளைப்பாறி உள்ளே இறங்கும். சுற்றிலும் சருகு மூடாக்குப் போட்டால் ஈரம் காக்கும். தண்டை மட்டும் சருகு தொடாமல் இருப்பது நல்லது.

முதற்கோடையில் ஜலம் சுமந்து ஊற்ற வேண்டி வரலாம். அங்கேதான் நம்மில் பலர் தவறு செய்கிறோம். தினமும் ஒரு செம்பு ஊற்றினால் வேர் மேல்மண்ணிலேயே சோம்பிக் கிடக்கும். பல நாளைக்கு ஒரு முறை ஒரு குடம் நிதானமாக ஊற்றினால், ஈரத்தைத் தேடி வேர் ஆழத்துக்குப் போகும். குழந்தைக்குச் செல்லம் கொடுப்பதற்கும் கன்றுக்கு நீர் கொடுப்பதற்கும் நியாயம் ஒன்றுதான்.

பிரான்ஸ், இத்தாலி தேசங்களிலும் இதே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்கள். அங்கே 'டிரஃபிள்' என்றொரு காளான் மண்ணுக்குள் கிழங்கு போல் விளைகிறது. விலையோ மிக அதிகம்! ஓக் முதலிய மரங்களின் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை அது. அந்தப் பூஞ்சை பற்றிய கன்றைச் சுண்ணாம்பு மண்ணில் நட்டு, களை பறித்து, வாடாத அளவுக்கு மட்டும் நீர் விட்டுப் பல வருஷம் காத்திருக்கிறார்கள். நம் மலை மரங்களின் வேர்களிலும் வேறு இனத்துப் பூஞ்சைகள் குடியிருந்து, மண்ணின் சத்தை மரத்துக்கு ஊட்டுகின்றன. முதிர்ந்த மரத்தடி மண்ணில் ஒரு பிடியைக் கன்றின் குழியில் சேர்ப்பது அவற்றை அழைத்து வரும் எளிய வழி. நமக்கு டிரஃபிள் கிடைக்காது. நிழலும் ஊற்றும் கிடைக்கும்.

இவ்வளவு பாடுபட்டு வளர்த்ததைப் பாழாக்கும் சத்துரு தீ. மலையில் உயரமாக வளரும் எலுமிச்சைப்புல் கோடையில் காய்ந்து நின்றால் ஒரு துண்டு பீடி போதும்; பல வருஷத்து உழைப்பு ஒரே மாலையில் சாம்பலாகும். வெந்த சரிவில் அடுத்த மழை மண்ணை அரித்துப் போகும். அதனால்தான் மலையைக் காப்பவர்கள் கோடைக்கு முன்பே புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புப் பாதைகள் அமைக்கிறார்கள். தீ மூண்டால் பச்சைக் கிளையையே ஆயுதமாகக் கொண்டு அடித்து அணைக்கிறார்கள்.

அண்ணாமலையார் ஆலயத்தின் ஸ்தல விருக்ஷம் மகிழ மரம். ஒரு மரத்துக்கு நம் முன்னோர் கொடுத்த மரியாதையை மலை முழுவதற்கும் கொடுப்பதில் நமக்கு என்ன நஷ்டம்? 14 கிலோ மீட்டர் கிரிவலம் வருகிறவர்கள் மரம் நட வேண்டுமென்பதில்லை. தீக்குச்சியை மலையில் எறியாதிருந்தால் போதும். வீட்டுக் கொல்லையில் மரம் நட இடமுள்ளவர்கள் அதற்குக் கீழ்ப்புறம் ஒரு பிறை வரப்புப் போட்டுப் பார்க்கட்டும். அடுத்த மழையில் ஜலம் அங்கே நின்று இறங்குவதைக் குழந்தைகளுக்குக் காட்டட்டும். மலையின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்தக் குழந்தைகள்தாம்.