மூச்சு விடும் சில்லு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் உண்டு. தெற்கே, அத்திப்பட்டில் அனல்மின் நிலையம். நிலக்கரிச் சாம்பலில் சிலிக்கா கலந்திருக்கும். ஆலைகளிலிருந்தும் மின் நிலையத்திலிருந்தும் எழும் தூசு நுரையீரலுக்குள் போய் என்ன செய்கிறது? இதை ஆய்வகத்தில் ஆராய நெடுங்காலம் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான் இருந்தன. தட்டில் வளர்த்த செல்களின் மேல் தூசைப் போட்டுப் பார்க்கலாம். அல்லது எலியைச் சுவாசிக்க வைக்கலாம். தட்டிலுள்ள செல் மூச்சு விடாது. எலியின் நுரையீரல் நம்முடையது அல்ல.

2010-இல் ஹார்வர்டின் வைஸ் நிறுவனத்தில் டொனால்ட் இங்பர் குழுவினர் மூன்றாவது வழியைக் காட்டினார்கள். பென்டிரைவ் அளவே உள்ள, ஒளி ஊடுருவும் சிலிக்கோன் துண்டு அது; நுரையீரல் சில்லு. உள்ளே மேலும் கீழுமாக இரண்டு நுண்குழாய்கள். நடுவே துளைகள் கொண்ட மெல்லிய சவ்வு. சவ்வின் மேல்புறம் மனித நுரையீரல் செல்கள், அவற்றைத் தொட்டபடி காற்று. கீழ்ப்புறம் ரத்தக்குழாய் செல்கள், அவற்றை உரசி ஓடும் திரவம். பக்கவாட்டு அறைகளில் காற்றை உறிஞ்சி விடும்போது சவ்வு விரிந்து சுருங்குகிறது. அதுதான் மூச்சு.

அந்த மூச்சு எவ்வளவு முக்கியம் என்பதைச் சோதனையே சொன்னது. சிலிக்கா நுண்துகள்களைச் செலுத்தியபோது, சவ்வு அசையாமல் இருந்ததைவிட அசைந்தபோது செல்கள் அதிகம் பாதிக்கப்பட்டன. துகள்களும் கூடுதலாக உள்ளே புகுந்தன. அசையாத தட்டை மட்டும் நம்பியிருந்தால் ஆபத்தைக் குறைத்தே மதிப்பிட்டிருப்போம். மருந்திலும் இதே கதை. இன்டர்லூக்கின்-2 என்னும் புற்றுநோய் மருந்து சிலருக்கு நுரையீரலில் நீர் கோக்க வைக்கும். 2012-இல் அதே விளைவைச் சில்லு காட்டியது. மூச்சசைவு அதைத் தீவிரமாக்கியது.

கல்லீரல் சில்லும் வந்துவிட்டது. எமுலேட் நிறுவனம் 2022-இல் 27 மருந்துகளைச் சோதித்து, கல்லீரலைக் கெடுப்பவற்றில் 87 சதவீதத்தைச் சில்லு கண்டுபிடித்ததாக அறிவித்தது. சில்லை விற்பவர்களே செய்த சோதனை என்பதால் பிற ஆய்வகங்களும் சரிபார்க்க வேண்டும். இந்தியா 2023-இல் புதிய மருந்து விதிகளைத் திருத்தி, மனிதச் சோதனைக்கு முந்தைய கட்டத்தில் உறுப்புச் சில்லுகளுக்கும் இடம் தந்தது. மிக நல்ல முடிவு.

ஆனால் சில்லு தனி உறுப்பு. முழு நோய் எதிர்ப்பு மண்டலம் அதில் இல்லை. சிலிக்கோன் சில மருந்துகளைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். சிலிக்கா தூசால் வரும் சிலிகோசிஸ் பெரும்பாலும் பல ஆண்டுகளில் முற்றும் நோய். சில்லில் செல்கள் சில வாரங்களே தாங்கும். ஆலைத் தொழிலாளியின் நுரையீரலை அறிய இன்றும் மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் சோதனையும்தான் வேண்டும். அவற்றைக் காலம் தவறாமல் எடுக்க ஏற்பாடு செய்ய வேண்டியது ஆலை நிர்வாகம்.